கல்பாக்கம் கழிவு பெருங்குடிக்கு வருகிறதா?

"கல்பாக்கம் அணுக்கழிவை ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் கொண்டுவந்து பெருங்குடி குப்பைமேட்டில் கொட்டுகிறார்கள், லட்சம் வருஷத்துக்கு விஷம், உடனே பகிரவும்" என்று வேளச்சேரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

அணுமின் நிலையத்தில் குறைந்த கதிரியக்கம் உள்ள திடக்கழிவு என்றால் பெரும்பாலும் ஊழியர்கள் கழற்றிப் போட்ட ரப்பர் கையுறை, ஷூ உறை, தரை துடைத்த துணி, பழைய ஃபில்டர், இந்த மாதிரிதான். எரிக்க முடிந்ததை அதற்கென உள்ள உலையில் எரித்து, மற்றதை அழுத்திச் சுருக்கி, டிரம்மில் அடைத்து, தேவைப்பட்டால் சிமென்ட் கலந்து இறுக்கிவிடுவார்கள். அப்புறம் அது போவது நிலையத்தை ஒட்டியே இருக்கும் புதைப்பிடத்துக்கு. இந்தியா முழுக்க இதுதான் நடைமுறை. கதிரியக்கம் ரொம்பக் குறைவென்றால் கல் பதித்த பள்ளம், கூடினால் கான்கிரீட் அகழி, அதற்கும் மேலே என்றால் 'டைல் ஹோல்' என்கிற ஆழமான குழி. சுற்றிலும் போர்வெல் போட்டு, தண்ணீரைச் சோதிப்பார்கள்.

லட்சம் வருஷக் கதை அணு உலையில் பயன்படுத்தி முடித்த யுரேனிய எரிபொருள் சம்பந்தப்பட்டது. கையுறை, துணி மாதிரியான குறைந்த கதிரியக்கக் கழிவில் முக்கியமான கதிரியக்கப் பொருளான சீசியம்-137 சுமார் 30 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். 300 வருஷத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவும் சின்ன காலமில்லை, சரி.

ஒன்றை மறைக்கத் தேவையில்லை: திரவக் கழிவைச் சுத்திகரித்து, நீர்க்கச் செய்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்த வரம்புக்குள் கடலில் விடுகிறார்கள். கேள்வி கேட்பதென்றால் அந்த அளவீடுகளைக் கேளுங்கள், பெருங்குடி லாரியை விடுங்கள்.