அண்டர்டேக்கரின் முதல் ஆட்டம்: நால்வரையும் அவரே வீழ்த்தினாரா?

"மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் அறிமுகமான அன்றே எதிரணி நால்வரையும் தனியாளாக வெளியேற்றி ஜெயித்தார், பால் பேரர்தான் கூட்டி வந்தார்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அது 1990 நவம்பர் 22, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் நடந்த சர்வைவர் சீரிஸ் என்ற WWF (இன்றைய WWE) மல்யுத்த நிகழ்ச்சி. ஒவ்வொருவராக வெளியேற்றப்படும் நால்வர் அணி ஆட்டம். டெட் டிபியாசி தன் அணியின் ரகசிய ஆளாக அவரை அறிவிக்க, அரங்கத்துக்கு அழைத்து வந்தவர் சிவந்த முகம் கொண்ட பிரதர் லவ். பால் பேரர் மேலாளராக வந்ததெல்லாம் 1991-ல்தான்.

அண்டர்டேக்கர் வெளியேற்றியது இரண்டு பேரை. கோகோ பி. வேரைத் தலைகீழாகத் தூக்கி டூம்ஸ்டோன் போட்டு ஆரம்பத்திலேயே முடித்தார். அப்புறம் மேல் கயிற்றிலிருந்து பாய்ந்து டஸ்டி ரோட்ஸை. ஆனால் வெளியே போன டஸ்டி, பிரதர் லவ்வை அடிக்க ஆரம்பித்ததும் அண்டர்டேக்கர் டஸ்டியைத் துரத்திப் போனார். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை வளையத்துக்குள் திரும்பவில்லை. கவுன்ட் அவுட், அவரும் வெளியேற்றம்! யாரும் அவர் தோள்களைத் தரையில் அழுத்தி 'பின்' (pin) செய்யவில்லை என்பது மட்டும் நிஜம்.

ஜெயித்தது டிபியாசி. கடைசியில் எதிரணியின் பிரெட் ஹார்ட் அவர்மேல் குறுக்கே பாய, டிபியாசி அதே வேகத்தில் உருண்டு பிரெட்டை 'பின்' செய்துவிட்டார். அழகான முடிவு அது, இந்த வதந்தியால் மறக்கப்படுவது எனக்கு வருத்தம்.

இன்னொரு சான்றும் உண்டு. அன்றைய அணி ஆட்டங்களில் வெளியேறாமல் தாக்குப்பிடித்தவர்கள் எல்லோரும் இறுதி ஆட்டத்தில் மோதினார்கள். டிபியாசி அதில் இருந்தார், அண்டர்டேக்கர் இல்லை.