சாபம் வேண்டாம், ஆத்து மண்ணே போதும்
கதைக்குக் கற்பனை உலகம் அமைக்கிறது பற்றின உங்கட கட்டுரையில வாற ஆற்றுத் துறைமுக நகரம் ஓகோ எண்டு இருந்திட்டு ஒரு சாபத்தால ஒரே ராத்திரியில அழியிறது எனக்குச் சரியாப் படேல்ல. துறைமுகம் அப்பிடிச் சாகாது, ஆறு கொண்டு வாற மண் கொஞ்சம் கொஞ்சமா வாயை அடைக்கும், பெரிய கப்பல் வெளியிலயே நங்கூரம் போடும், பிறகு வள்ளத்தில சாமான் ஏத்தி இறக்கிற கூலி கூடக் கூட வியாபாரி பக்கத்து ஊருக்குப் போயிடுவான். தாமிரபரணி வாயில இருந்த கொற்கையைப் பாருங்கோ, பாண்டியரிட முத்துத் துறைமுகம், இப்ப கடலை விட்டு உள்ளுக்குப் போன சின்னக் கிராமம், கொற்கை தூர்ந்த பிறகு வியாபாரம் காயல் எண்ட துறைமுகத்துக்குப் போச்சு, அதுவும் தூர்ந்து தூத்துக்குடிக்குப் போச்சு. எங்கட இலங்கையில காலித் துறைமுகத்துக்கு நடந்தது வேற, 1875ல கொழும்பில அலைதாங்கிக்கு, அதாவது கடல் அலையை மறிக்கிற சுவருக்கு, அடிக்கல் வச்சு 1885ல முடிக்க, கப்பல்கள் கொழும்புப் பக்கம் திரும்பிட்டுது, பாவம் காலி ஒரு பிழையும் செய்யேல்ல. மழை விட்ட பிறகு முகத்துவாரத்தில களனி ஆறு கடல்ல சேருற இடத்தில நிண்டு பாருங்கோ, செங்காவித் தண்ணி நீலத்துக்குள்ள தனியா நீண்டு போகும், நான் அதைப் பாக்கவே போறனான். கதையில ஒரு கிழட்டு மாலுமி கயிறு விட்டு ஆழம் பாத்து, போன வருசம் நாலு பாகம் (பாகம் எண்டா ஒரு ஆள் ரெண்டு கையையும் விரிச்ச நீளம்) இப்ப மூண்டு எண்டு சொல்லட்டும், பக்கத்தில நிக்கிற வியாபாரிட முகத்தையும் காட்டுங்கோ.