அந்த 9 வோல்ட் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்

ரிமோட் ரோபோ கார் கிட் வாங்கி வீட்டிலேயே செய்யலாம் என்ற கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் செவ்வக 9 வோல்ட் பேட்டரியே போதும் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. கிருஷ்ணகிரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் செய்த வண்டி முதலில் அதில்தான் ஓடியது. அதை ஓடியது என்றா சொல்வது? போனில் 'முன்னே' என்று அழுத்தினால் சக்கரம் அரைச் சுற்று சுற்றும், உடனே புளூடூத் விளக்கு அணைந்து மறுபடி படபடவென்று மின்னும். மோட்டார் கிளம்பும்போது கேட்கிற கரண்டை அந்த பேட்டரியால் கொடுக்க முடியாது. வோல்டேஜ் விழுந்து, வண்டிக்கு மூளையான ஆர்டுயினோ போர்டே ரீசெட் ஆகிவிடும். போதாக்குறைக்கு மோட்டாரை இயக்கும் எல்298என் டிரைவர் போர்டு தன் பங்குக்கு 2 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். சார்ஜ் செய்யக்கூடிய 3.7 வோல்ட் 18650 லித்தியம் செல் இரண்டைத் தொடராக மாட்டியதும் வண்டி சிமென்ட் வாசலில் விர்ரென்று போனது. இந்த செல்லுக்கு உரிய சார்ஜர் வேண்டும். ஷார்ட் ஆனால் ஆபத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், போனின் கட்டளையை வாங்கும் ஹெச்.சி.-05 புளூடூத் மாட்யூலை ஆர்டுயினோ ஊனோ போர்டின் 0, 1 பின்களில் மாட்டச் சொன்னீர்கள், சரி. புரோகிராம் ஏற்றும்போது அதைக் கழற்ற வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்கள். கழற்றாவிட்டால் அப்லோடு எரர்தான் வரும். ஐபோனோடு அது சேராது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

உதிரிபாகத்துக்கு ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு இருக்கிறது. தர்மபுரிப் பக்கம் ஆன்லைனில் வாங்குகிறவர்கள், மஞ்சள் கியர் மோட்டாரில் ஒயர் பற்றவைத்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் சால்டரிங் அயர்னுக்கு அலைய வேண்டியதுதான்.