தேக்வாண்டோ: மொத்தப் புள்ளி வெற்றியைத் தீர்மானிப்பதில்லை

கொரியத் தற்காப்புக் கலையான தேக்வாண்டோவில் மூன்று சுற்றுப் புள்ளிகளையும் கூட்டி, அதிகம் எடுத்தவரே வென்றவர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக் வரை அப்படித்தான் இருந்தது. பழைய வீடியோ பார்ப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இயல்பு. 2022 முதல் உலக தேக்வாண்டோ அமைப்பின் போட்டிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வெற்றி. இரண்டு சுற்றுகளை முதலில் எடுப்பவர் ஜெயித்துவிடுவார். 2-0 என்று ஆகிவிட்டால் மூன்றாவது சுற்றே கிடையாது. அடுத்த சுற்று தொடங்கும்போது புள்ளிப் பலகை பூஜ்யத்துக்குத் திரும்பும்.

உதாரணத்துக்கு, மூன்று சுற்றுப் புள்ளிகள் 3-2, 1-9, 4-3 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 8-14, ஆனாலும் வென்றவர் 8 எடுத்தவர்தான். இரண்டாம் சுற்றில் வாங்கிய அத்தனை தலை உதையும் அந்தச் சுற்றோடு சரி.

சந்தேகமிருந்தால் பாரிஸ் 2024 அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 2-0, 2-1 என்றுதான் இருக்கும். சுற்றுவாரிப் புள்ளிகள் தனியே தெரியும்.