பகல் 12 மணிக்கு வீட்டில் இருங்க மேடம்

"ராத்திரி எட்டு மணிக்கு மேல உன் நேரம்தானே, அதுல கம்பெனியை வளர்த்துக்கோ" என்று எனக்கு அறிவுரை சொன்ன அத்தனை பேரிடமும் ஒரே ஒரு கேள்வி. ராத்திரி எட்டு மணிக்கு எந்த பேங்க் திறந்திருக்கிறது?

ஆப்புக்கு ப்ரோகிராம் எழுதுவதை ராத்திரியில் செய்யலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மிச்ச கம்பெனி முழுக்க காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்துக்குள்தான் நடக்கிறது. அந்த நேரத்தைத்தான் மாதச் சம்பளத்துக்குச் சோழிங்கநல்லூர் ஐடி ஆபீசில் விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறேனே!

நாங்கள் செய்வது சின்ன ஆப். சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் அபார்ட்மெண்ட்களில் இன்றைக்கு எத்தனை தண்ணீர் லாரி வந்தது, 12,000 லிட்டரா 24,000 லிட்டரா, சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) இறங்கியதை யார் பார்த்தது, எந்த வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கை வாட்ச்மேன் நோட்டிலிருந்து போனுக்குக் கொண்டுவருவது. நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் கூட்டாளிகள். ஆப் ஓடுகிறது. எங்களை ஓடவிடாமல் செய்வது மற்றதெல்லாம்.

கம்பெனி பேரில் பேங்கில் கரண்ட் அக்கவுண்ட் திறக்கப் போன கதையைக் கேளுங்கள். காலை 11 மணி சுமாருக்கு பேங்கிலிருந்து போன் வரும். "மேடம், அட்ரஸ் வெரிஃபிகேஷனுக்கு 12 மணிக்கு வர்றோம், வீட்ல இருங்க." முந்தின நாள் சொல்லக்கூடாதா? நான் ஆபீசில் கார்டு தேய்த்து உள்ளே போயாகிவிட்டது. மெட்ரோ வேலைக்காக ஓஎம்ஆரைத் தோண்டிப் போட்டதிலிருந்து நான் மேடவாக்கம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பேங்க் ஆள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பியிருப்பார். சனிக்கிழமை வாங்க என்றால், இரண்டாவது, நாலாவது சனி பேங்க் லீவு. திறந்திருக்கும் சனிக்கிழமையில் "ஃபீல்டு ஸ்டாஃப் இல்லை மேடம்."

அடுத்து வீட்டு ஓனர். வாடகை வீட்டு முகவரியில் ஜிஎஸ்டி பதிவு செய்ய அவர் ஒரு சம்மதக் கடிதம் தர வேண்டும். "கம்பெனின்னு எழுதிக் கொடுத்தா ஈபி மீட்டரை கமர்ஷியலா மாத்திடுவாங்கம்மா, நூறு யூனிட் ஃப்ரீயும் போயிடும்" என்கிறார். அவர் பயத்தை முழுசாகத் தப்பு சொல்ல முடியாது, வீட்டு இணைப்புக்கும் வணிக இணைப்புக்கும் கட்டணம் அப்படித்தான் வித்தியாசப்படுகிறது. ஆனால் எங்கள் தொழிற்சாலை என்பது சாப்பாட்டு மேசையில் ஒரு லேப்டாப், பக்கத்தில் ஊறுகாய் பாட்டில். இதற்கு எதற்கய்யா கமர்ஷியல் மீட்டர்?

சேவைத் தொழிலில் வருஷம் 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவே பொதுவாகத் தேவையில்லை. ஆனால் பெரிய குடியிருப்புகளைப் பராமரிக்கிற நிறுவனங்களிடம் போனால் முதல் கேள்வியே "ஜிஎஸ்டி நம்பர் இருக்கா?" எடுத்தால் அப்புறம் விடாது. மாதத் தாக்கல் என்றால் 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று. ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் "இல்லை" என்று தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் அதற்கும் நாளுக்கு 20 ரூபாய். பிரைவேட் லிமிடெட் என்பதால் விற்பனை பூஜ்யமாக இருந்தாலும் ஆடிட்டர் கட்டாயம். வருடாந்திரப் படிவம் தாமதமானால் படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய். இதற்கான ஓடிபி எல்லாம் சரியாக என் மேனேஜர் ஸ்க்ரீன் ஷேர் செய்யச் சொல்லும் நேரத்தில்தான் வந்து விழும்.

மேனேஜர் என்றதும் எச்ஆர் ஞாபகம் வருகிறது. 2022இல் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாகச் சொல்லி 300 பேரை வீட்டுக்கு அனுப்பியதே, அதற்கப்புறம் ஐடியில் எல்லோருக்கும் ஒரு உதறல். நாங்கள் யாருக்கும் போட்டி இல்லை. தண்ணீர் லாரி எண்ணுகிறோம். இருந்தாலும் ஒழுங்காக அனுமதி கேட்டு மெயில் போட்டேன். "பரிசீலனையில் உள்ளது." எத்தனை மாதம்தான் பரிசீலிப்பார்கள்?

இந்தியாவின் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸை நிறுவியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னார். ஆபீசையும் கம்பெனியையும் கூட்டினால் நான் அதைத் தாண்டியாகிவிட்டது ஐயா. சமையலைச் சேர்த்தால் மெடலே தர வேண்டும். மணி நேரம் பற்றாக்குறை இல்லை, பகல்தான் பற்றாக்குறை. விடிகாலை நாலு மணிக்கு எழு என்பவர்களுக்கும் அதுதான் பதில். நாலு மணிக்கு எழுந்து யாருக்கு போன் செய்வது?

சரி, ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சுமா? அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கமிட்டி கூடுவதே ஞாயிறு காலைதான். டெமோ காட்டப் போனால் ரிட்டயர் ஆன செயலாளர் அங்கிள் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, ஒரு வருஷம் ஃப்ரீயா குடுங்க, பிடிச்சா யோசிக்கிறோம்" என்கிறார். லாரிக்காரரிடம் ஒரு வருஷம் ஃப்ரீயாகத் தண்ணீர் கேட்டுப் பார்க்கட்டுமே! அந்த நேரத்தில் பெண்ணை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போவது என் வீட்டுக்காரர். அவருக்கும் வாரத்தில் ஒரே லீவு அதுதான். முகம் சுளிக்காமல் செய்கிறார், ஆனால் "இன்னும் எவ்வளவு நாள் இப்படி?" என்று அவர் கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கடுப்பு. கேட்டால் சண்டையாவது போடலாம்.

சொந்தக்காரர்கள் அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறார்கள். என் கூட்டாளிக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, என் பெண் வயதில் பையன் இருக்கிறான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் இரண்டு பேரும் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவனிடம், "என்னப்பா, ஃபண்டிங் வந்துச்சா?" என்னிடம், "ராத்திரி நேரத்துல லேப்டாப்பும் கையுமா இருந்தா வீட்ல சமையல் எப்படிம்மா?"

ரவா உப்புமா, அத்தை. ஃபண்டிங்கும் வரவில்லை.