அக்காவிடம் சாவி இல்லை

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்று நான் சொல்வது ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் ஒரு முகாமை. 2021ல் சட்டமன்றத்திலேயே அறிவித்து ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் பக்கத்து பஸ் கண்டக்டருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. “அகதி முகாம் எல்லாம் எறங்கு” என்றுதான் குரல் கொடுக்கிறார்.

முகாமுக்குள் ஒரு கல்வி மையம் புதிதாக வந்திருக்கிறது. டைல்ஸ் தரை, சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சி, நாலு கம்ப்யூட்டர். ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன், கதவில் பூட்டு. அங்கிருந்து நாலு வீடு தள்ளி, எங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்த அக்காவின் வாசலில் பதினெட்டுப் பிள்ளைகள் சாக்கு விரித்து உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கையில் நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு இங்கே தூக்கி வரப்பட்ட குழந்தை அவர். பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால் முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இருந்த இட ஒதுக்கீட்டை 1991க்குப் பிறகு நிறுத்தி வைத்திருந்தார்கள். அது திரும்ப வந்தது 1996ல். அதற்குள் அவருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. சும்மா இருக்க வேண்டாமே என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். இப்படி முகாம் ஆட்களே முகாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றும் புதிதில்லை. இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984ல் தொடங்கிய ஓஃபர் (OfERR) என்ற ஈழ அகதிகள் மறுவாழ்வு அமைப்பே அகதிகள் அகதிகளுக்காக நடத்தியதுதான். எங்கள் அக்காவுக்குப் பின்னால் எந்த அமைப்பும் கிடையாது, ஒரு கரும்பலகை மட்டும்.

நான் அங்கே படித்த காலத்தில் முகாமில் இரவுக்குத்தான் கரண்ட். ஆறு மணிக்கு பல்பு எரிந்ததும் ஓடுவோம். வீடு பத்துக்குப் பத்து அடி, நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். அதனால் யார் வீட்டில் நேற்று அடிதடி, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அக்காவுக்கு நாங்கள் போவதற்கு முன்பே தெரிந்திருக்கும். அப்பா குடித்துவிட்டு வந்த மறுநாள் என்னிடம் கணக்கு கேட்க மாட்டார். “தம்பி, இஞ்ச வா, இந்தக் குடத்துக்குத் தண்ணி பிடிச்சு வை” என்பார். குழாயடியில் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வருவேன். வந்ததும் ஒரு டம்ளர் பிளேன் டீ கிடைக்கும். மனநலம் என்ற வார்த்தையை எல்லாம் நான் கேள்விப்பட்டது ரொம்பப் பின்னால்.

சில வருஷம் முன்னால் டவுனிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், அக்கறையாகத்தான் கேட்டார்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு நம்பர் சொல்லு. படகில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய அப்பாவிடமிருந்து ஒரு வருஷமாகத் தகவலே வராத பையன் ஒருவன் எல்லாவற்றுக்கும் ஐந்து என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். அவன் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறான் என்பதை அக்காவிடம் சொன்னது அவனுடைய பாட்டி, ரேஷன் வரிசையில் நிற்கும்போது.

அதற்காக அக்காவைத் தெய்வமாக்க நான் தயாரில்லை. முருங்கைக் குச்சியில் வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. முகாம் தலைவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்போதும் பல்புக்கு நேர் கீழே இடம். மன்னார்க்காரர், வவுனியாக்காரர், மலையகத்துக்காரர் என்ற பிரிவினையும் அந்த அறைக்கு வெளியே நின்றுவிடவில்லை. நம் ஆட்களே நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் முகாமில் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் குறைகளை நாங்கள் அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை போட முடிந்தது. பூட்டோடு எப்படிச் சண்டை போடுவது?

சாவி இப்போது ஒரு அலுவலகத்தில் இருக்கிறது. பார்வையிட யாராவது வந்தால் திறக்கிறார்கள். வகுப்பு எடுக்க அக்கா அனுமதி கேட்டதற்கு பி.எட். சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டார்களாம். முப்பது வருஷம் பாடம் எடுத்தவரிடம்! கல்லூரிக் கதவை அவருக்குச் சாத்தியதும் அரசுதான், கல்லூரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்பதும் அரசுதான்.

2021ல் முகாம்களுக்கு 317 கோடி ரூபாய் அறிவித்தார்கள். ஒழுகிய கூரைகள் போய் கான்கிரீட் வீடு வந்திருக்கிறது. அம்மா அந்த வீட்டின் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். குறை சொல்ல மாட்டேன். ஆனால் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்த ஊரில், எங்கள் அக்கா சாக்பீஸைக்கூடச் சொந்தக் காசில் வாங்குகிறார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. “படிச்சு என்னக்கா?” என்று ஒன்பதாவது படிக்கிற பிள்ளை கேட்கிறது. எங்கள் லைனில் மூன்று இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். நேர்முகத் தேர்வில் எல்லாம் நன்றாகப் போகும், பாஸ்போர்ட் எங்கே என்று கேட்கும்வரை. நான் பிறந்தது 1992ல், ஈரோட்டில். 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை கிடையாது. வெளியிலிருந்து வருகிற எந்த ஆலோசகரிடமும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அக்காவிடமும் இல்லைதான். அவர் செய்வது, பெயிண்ட் வேலை முடிந்து வருகிற அந்த இன்ஜினியரையே கூப்பிட்டு பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வைப்பது. கை முழுக்க டிஸ்டெம்பர் கறையோடு வந்து நின்று எடுக்கிறான். பிள்ளைகள் அவனைத்தான் உற்றுக் கேட்கிறார்கள்.

பழைய மாணவர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். கட்டடத்தின் சாவி அக்காவிடமும் இரண்டு தாய்மார்களிடமும் இருக்கட்டும், கரண்ட் பில்லை நாங்கள் கட்டிக்கொள்கிறோம், மாதாமாதம் கணக்கும் காட்டுகிறோம். போன திங்கட்கிழமை கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர், “பதிவு முடிஞ்சு அடுத்த வாரம் வாங்க” என்றார். சரி, போவோம். அன்றைக்கு லீவு போட முடிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.