டயரைத் துடைத்த துணிதான் பானெட்டுக்குமா?

சின்னக் கீறலும் பளிச்சென்று தெரிகிற கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்குப் புரிந்தால் போதும். வெள்ளை கார்க்காரர்கள் நிம்மதியாகப் போய்த் தூங்குங்கள்.

வாட்டர் வாஷுக்கு விடும்போது துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியையும் நானே கொண்டு போனேன். அதுவும் கலர் பிரித்து. பாடிக்கு மஞ்சள், வீலுக்குச் சாம்பல், கண்ணாடிக்குக் கட்டம் கட்டமாக நெய்த நீல வாஃபிள் துணி. புசுபுசு துணியால் கண்ணாடியைத் துடைத்தால் பஞ்சு ஒட்டும், கோடு விழும் என்பதுவரை அந்தத் தம்பியிடம் விளக்கினேன். "சரிண்ணே" என்றான். அந்த "சரிண்ணே"வை நம்பி இதுவரை எத்தனை பேர் நாசமாகப் போயிருப்பார்களோ!

மஞ்சளை எடுத்தான். நேராக வீலுக்குப் போனான். அலாயின் ஒவ்வொரு இடுக்கிலும் விரலை விட்டு, பிரேக்கிலிருந்து உதிர்ந்து ஒட்டியிருக்கும் கறுப்புத் தூளை, இரும்புத்துகள் கலந்த அந்தத் தூளை, பாசத்தோடு வழித்தெடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனுக்கு போன். துணியைத் தோளில் போட்டான். பேசினான். கழுத்து வியர்வையைத் துடைத்தான். ஏதோ ஜோக் போல, சிரித்தான். துணி கீழே விழுந்தது. எங்கே? மணலில். எடுத்து இரண்டு உதறு உதறினான். சுத்தமாகிவிட்டதாம்! போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அதே துணியை பானெட்டில் வைத்து, வட்டம் வட்டமாக, ரசித்து ரசித்து... நான் "தம்பி தம்பி தம்பி" என்று ஓடுகிறேன். அவன் "இருங்கண்ணே, முடிஞ்சிருச்சு" என்கிறான்.

ஆமாம், முடிந்தேவிட்டது.

ஓனரிடம் போனால், "மைக்ரோஃபைபர்தானே சார், அது கீறாது" என்கிறார். கீறாதுதான் ஐயா! தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசான இழையில் அதைச் செய்திருப்பதே தூசியை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளத்தான். பிடித்த மண்ணோடு கொண்டுபோய் பானெட்டில் தேய்த்தால் அதற்குப் பெயர் துணியா, உப்புத்தாளா? வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். பானெட் முழுக்க வட்டக் கீறல்.

"பாலிஷ் போட்டா போயிடும் சார். ரெண்டாயிரத்து ஐநூறுதான்."

கீறுவதும் அவர்களே, அதை எடுக்கக் காசு வாங்குவதும் அவர்களே. பாலிஷ் என்றால் பெயிண்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சைக் கொஞ்சம் சுரண்டி மட்டமாக்குவது. அந்தப் பூச்சின் தடிமனே பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்). மாசாமாசம் இவர்கள் கீறி, மாசாமாசம் இவர்களே சுரண்டினால் கடைசியில் ஆர்சி புக் மட்டும்தான் பளபளப்பாக மிஞ்சும்.

சரி, வீட்டிலேயே துடைக்கலாம் என்றால் துணி விற்கிறவன் விடுகிறானா? ஆன்லைனில் "800 ஜிஎஸ்எம்" என்று போட்டிருந்தான். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்குதானே அது. 40க்கு 40 சென்டிமீட்டர் துணி 128 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்தேன். 45 கிராம்! மீதியெல்லாம் வரும் வழியிலேயே ஆவியாகிவிட்டது போலிருக்கிறது. ஓரம் முழுக்க முரட்டு நூலில் ஓவர்லாக் தையல், மூலையில் குத்துகிற லேபிள். அட்டையில் மட்டும் "சாஃப்ட் டச்".

அதையும் அம்மா லுங்கி, துண்டோடு சேர்த்து மெஷினில் போட்டு, வாசமாக இருக்கட்டும் என்று கண்டிஷனர் ஊற்றிவிட்டார். அந்த வழவழப்பு இழையில் படிந்துவிட்டால் துணி தண்ணீரை உறிஞ்சாது, தள்ளிக்கொண்டே போகும். எடுத்துச் சொன்னால், "உங்கப்பா பழைய பனியன்லதான்டா அம்பாசிடரையே துடைச்சாரு" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது? சிரிப்புதான் வந்தது.

சாப்பிட்டாவது படுப்போம் என்று பார்சலைப் பிரித்தேன். சாம்பார் பாக்கெட்டுக்கு நூல் சுற்றுகிற அந்த மகானை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். நூலின் நுனி எங்கே இருக்கிறது என்று அவருக்காவது தெரியுமா? பல்லால் கடித்ததில் பாதி சட்டையில். சட்னிக்கும் அதே முடிச்சு!